அலுமினியப் பஞ்சில் என் பெயர் எங்கே?

பர்மிங்காமில் என் வீட்டுக் குளியலறையில் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். ஒரு கை வேகும், மறு கை விறைக்கும். இந்த ஊர்க்காரர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். இரண்டிலும் ரப்பர் குழாய் செருகி ஒரே வாளியில் விழச் செய்தவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல், ஆங்கிலம் தெரியாமல் கப்பலில் வந்து இறங்கி, இந்தத் தெருவில் சொந்த வீடு வாங்கிய முதல் தமிழனும் நான்தான். அதையெல்லாம் விடுங்கள். அலுமினியத்தைப் பஞ்சாக்கியதில் என் கை இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் வேலை பார்க்கும் பர்மிங்காம் வார்ப்புப் பட்டறையில் கல்லுப்பை அச்சில் நிரப்பி, உருகிய அலுமினியத்தை அதன் இடுக்குகளில் இறக்குவார்கள். ஆறியபின் உப்பைக் கரைத்துவிட்டால் பஞ்சு போல உள்ளே கண் கண்ணாக ஒரு கட்டி நிற்கும். சூடான இயந்திரத்தோடு அதைப் பொருத்திக் காற்றை ஊதினால், அத்தனை கண்ணிலும் நுழைந்து சூட்டை வாரிக்கொண்டு போகவேண்டும். போகவில்லை. தொட்டியில் ஊறப்போட்டதில் மேல் உப்பு கரைந்தது, நடு உப்பு அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது. என்ஜினீயர் ஹாரிஸ் இன்னும் பெரிய காற்றாடி கொண்டுவந்து வைத்தார்.

நான் சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் வளர்ந்தவன். பட்டுநூல் சிட்டத்தைச் சும்மா ஊறப்போட்டால் வெளிநூல் சிவக்கும், உள்நூல் வெளுத்தே இருக்கும். கழியில் மாட்டித் தூக்கி, வடியவிட்டு, புரட்டி மறுபடி அமிழ்த்தவேண்டும். பழைய தண்ணீர் வெளியேறினால்தானே புதுத் தண்ணீர் உள்ளே போகும்? அந்தக் கட்டியையும் கம்பியில் கட்டி வெந்நீரில் அப்படியே தூக்கித் தூக்கிப் போட்டேன்.

“என்னப்பா, உன் சாமிக்குக் குளியலா?” என்றார் ஹாரிஸ்.

“ஆமாம் சார், பிரசாதம் நாளைக்கு” என்றேன். பிரசாதம் என்பது நான் தண்ணீரில் கலந்த மருந்து என்று நினைத்து, எவ்வளவு போட்டாய் என்று கேட்டார்.

மறுநாள் இயந்திரத்தில் பொருத்தி ஊதியபோது, கட்டிக்கு இந்தப் பக்கம் கை வைத்தால் அனல் அடித்தது. காற்று உள்ளே புகுந்து சூட்டோடு வெளியே வந்தது. பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசல் கூடத்தில் நிறுத்தினார்கள். கீழே பித்தளைத் தகட்டில் ஹாரிஸ் பெயர் மட்டும். என் பெயர் எங்கே என்று அவரிடமே கேட்டேன். “நீ கழுவத்தானே செய்தாய்” என்றார்.

விடுப்பில் ஊருக்குப் போய் மச்சானிடம் சொல்லிப் பொருமினேன். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, “ஏன் மாமா, உப்பு கழுவறதுக்கா கப்பல் ஏறினீங்க? சொல்லியிருந்தா நம்ம கெணத்துலயே தண்ணி எறச்சுக் குடுத்திருப்பேனே” என்றான். அவன் அக்கா, அதாவது என் மனைவி, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

காஞ்சியில் சேலை விலைபோவது கடைக்காரர் பெயரில்தான். சாயம் போட்டவனை யார் கேட்டார்கள்? அந்த வயிற்றெரிச்சலில்தான் ஊரை விட்டேன். இங்கேயும் அதே நியாயம் என்றால் நான் கடல் தாண்டியது எதற்கு?

ஹாரிஸ் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. உலையும் கணக்கும் அவருடையவை. அதன் கீழே, கழுவித் திறந்தவன் வரதன் என்று பொறிக்கட்டும். எந்த ஊர் வரதன் என்று கேட்டால் காஞ்சிபுரம் என்று ஒரு வரி, பர்மிங்காம் என்று ஒரு வரி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வேறு எவனோ ஒரு வரதன்.