கணவாயில் சொன்ன பெரியம்மை

ஒரு சிரிப்புக்கு ஆசைப்பட்டு, ஒரு பஸ் நிறைய ஆட்களைப் பயமுறுத்தி, கூட வந்த அண்ணனையும் நடுவழியில் இறங்க வைத்த மடையன் நான். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த நாட்களும் உண்டு.

நாகர்கோவில் பக்கம் வைசூரி பரவியிருந்த நேரம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி. ஆரல்வாய்மொழி தாண்டினால் சென்னை ராஜ்யம். கணவாயைக் கடந்ததுமே பஸ்ஸை நிறுத்தி விசாரித்துத்தான் உள்ளே விட்டார்கள். பணகுடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த என் பெரியம்மை, அதாவது அம்மாவின் அக்காள், நெஞ்சுவலி கண்டு இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய ஒரே மகன்தான் அண்ணன். தந்தி வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. துணைக்கு நான். காலை பஸ்ஸில் கிளம்பினோம்.

திருநெல்வேலிக்காரச் சுகாதார அதிகாரி ஏறி, “எதுக்குப் பணகுடிக்குப் போறிய?” என்றார்.

“பெரியம்மை, சார்.”

எங்கள் ஊரில் அம்மை என்றால் அம்மா; பெரியம்மை உறவுமுறை. அவர் ஊரில் அதுதான் வைசூரிக்குப் பெயர். அவர் முகம் மாறியதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம். ஆனால் பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாருக்கு?”

“இவருக்கு அம்மை. எனக்குத்தான் பெரியம்மை.”

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். முன் இருக்கைப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதித்து இறங்கினாள். விசில் ஊதினார்கள். எங்களை ஓலைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு பஸ் போய்விட்டது.

“ஏலே, நேராச் சொல்லித் தொலை,” என்றார் அண்ணன். சொன்னேன். என் வாயை இனி யார் நம்புவார்கள்? டாக்டர் வந்து பார்க்கட்டும் என்றார் அதிகாரி. அண்ணன் சட்டையைக் கழற்றி நெஞ்சையும் முதுகையும் காட்டினார். “ஒரு கொப்புளம் இருக்கா பாருங்க சாரே. எங்க அம்மைக்கு உயிரு நிக்காது.” அம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் அதிகாரி இரண்டடி பின்னால் போனார்.

டாக்டர் வர பிற்பகல் மூன்று மணியாயிற்று. அரை நிமிஷம் பார்த்தார், விட்டார்.

பணகுடியில் பெரியம்மைக்கு மூச்சு இருந்தது. பேச்சு மத்தியானமே நின்றுவிட்டது. அதுவரை, “மவன் வந்தானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அண்ணன் காதருகே குனிந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். கண் திறக்கவே இல்லை.

பெரியம்மை செத்த பதினாறாம் நாள் அடியந்திரத்தில், நம்ம தமிழ் விளங்காத அந்த அதிகாரியின் கதையைச் சொந்தக்காரர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல சிரிப்பு. அண்ணன் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“அவனுக்கு வெளங்கல்ல, செரி,” என்றார். “ஒனக்கு வெளங்கிச்சுல்லாலே?”