கேரியர் இல்லாத சைக்கிள்

நாலு பேர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்றை வாங்கி, பெங்களூரிலிருந்து தூத்துக்குடிவரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். திட்டம் எளிது. அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் சைக்கிளில் கடலோரமாகத் திருச்செந்தூர் தாண்டிப் போவது, ஒரு ராத்திரி மணலில் கூடாரம் போட்டுத் தங்குவது, மறுநாள் திரும்புவது. சொன்னதும் அம்மா என்ன நேர்ச்சை, எந்தக் கோயிலுக்கு என்று கேட்டாள். நேர்ச்சை ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். சும்மா யாராவது போவாகளா என்றாள்.

சும்மா இல்லைதான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன். என்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போனதிலிருந்து, ஊருக்கு வந்தால் எனக்கு நாற்காலி. ஃபேன் என் பக்கம் திரும்பும். முதலில் எனக்குச் சாப்பாடு. நான் கை கழுவிய பிறகுதான் மூன்று பேரும் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எட்டிப் பார்த்தால் அப்பா எழுந்து, தண்ணி வேணுமா தம்பி என்பார். சிரிப்பு நின்றுபோயிருக்கும். அந்த வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் வேண்டும், இரண்டு நாளுக்காவது. வீட்டில் கிடைக்காதது வெளியில் கிடைக்கும் என்று நம்பினேன்.

அப்பா கருவாட்டு வியாபாரி. முழங்கால் மக்கர் பண்ணி மொபெட்டுக்கு மாறும்வரை, சைக்கிளில் மூட்டை கட்டி சாத்தான்குளம் பக்கத்து ஊர்கள்வரை போய் விற்றுவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அந்தச் சைக்கிள் இன்னும் வீட்டுப் பின்னால் எண்ணெய் போட்டபடி நிற்கிறது. முழங்கால் தாங்குமா என்று கேட்டதற்கு, நான் மிதிக்காத ரோடா என்றார். அக்கா உப்பளத்துக்குப் போக ஒரு சைக்கிள் வைத்திருக்கிறாள். நான் எனக்கென்று ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன்.

சாமான்களை நாலு பங்காகப் பிரித்து ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். விடியற்காலை டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்து பார்த்தால், எல்லாம் அப்பாவின் சைக்கிளில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் சாக்கு, கூடாரம் முன்னால் கம்பியில், பழைய டியூபால் இழுத்துக் கட்டி, நடுவில் கேரியரில் அம்மா உட்கார இடமும் விட்டிருந்தார். என் பங்கு எங்கே என்று கேட்டேன். அக்காதான் பதில் சொன்னாள்.

"ஏலே, ஒன் சைக்கிளுக்குக் கேரியரே கெடையாது. எதுல வைப்ப, தலையிலயா?"

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இருபத்தொரு கியர் எண்ணி வாங்கியவனுக்கு அது கண்ணில் படவில்லை.

சுமை இல்லாத சைக்கிள் தானாக ஓடும். முள்ளக்காடு தாண்டி உப்பளம் தொடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். மூவரும் ரொம்பத் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். ஓர் உடைமுள் மரத்தடியில் இறங்கி நின்றேன். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெள்ளைக் கண்ணாடிபோலக் கிடந்தது. அந்த வெளியில் சத்தம் தடையில்லாமல் வரும். அம்மா ஏதோ சொல்ல அக்கா சிரிக்க, அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே எதிர்ப்பேச்சுப் பேசுவது கேட்டது. பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. நீ முன்னால போ தம்பி, மெதுவா மிதிச்சா காலு கடுக்கும் என்றார் அப்பா. கூடவே போகப் பார்த்தேன். அவர் வேகத்துக்கு என் சைக்கிள் தள்ளாடியது. ரோடு வேறு சின்னது, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி முன்னால் போனேன். அன்றைக்கு எத்தனை மரத்தடியில் நின்றிருப்பேன் என்று தெரியாது.

முக்காணியில் டீக்கடைக்காரர் அப்பாவைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன ஓய், கருவாட்ட எறக்கிட்டு வீட்டம்மாவ ஏத்திட்டீரு?"

"இதுதான் கனம் ஜாஸ்தி" என்றார் அப்பா. அம்மா அவர் முதுகில் ஒரு போடு போட்டாள். இந்த அப்பாவை எனக்குத் தெரியாது. மூன்று டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டோடு நின்ற என்னைப் பார்த்துக் கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார், "சார் தனியா வந்தீங்களா?"

எம் மவன் என்று அப்பா சொன்னதும் அவர் பதறிப்போய் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். மற்ற மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள்.

காயல்பட்டினம், திருச்செந்தூர் எல்லாம் அப்படியே போயின. ஆலந்தலைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே, பனங்காட்டு வழியாக இறங்கினால் நல்ல மணல் இருக்கிறது என்று அப்பாதான் கூட்டிப்போனார். வியாபாரத்துக்குப் போன நாட்களில் அங்கே படுத்திருக்கிறாராம். கடல் அப்போது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கூடாரத்தின் ஆணி மணலில் நிற்கவே இல்லை. நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, அப்பா நாலு பைகளில் மணலை அள்ளி நாலு மூலையிலும் கட்டினார். கூடாரம் கிண்ணென்று நின்றது. அம்மா உள்ளே போய்த் தட்டி, போர்வையை விரித்து, தலைமாட்டில் என் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். ஒரே ஒரு படுக்கை. பிறகு மூவரும் வெளியே சைக்கிள்களை ஒட்டித் தார்ப்பாய் விரித்தார்கள்.

இது நாலு பேருக்கு என்றேன். நாலு பேரு படுத்தா நீ காலை எங்க நீட்டுவ என்றாள் அம்மா. உள்ளே படுத்தபடி வெளியே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா உப்பளத்துக் கங்காணி நடக்கிற விதத்தைச் செய்து காட்டுகிறாள்போல, அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. தாங்காமல் எழுந்து வெளியே போய்த் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உடனே அம்மா நகர்ந்து தலையணையை எனக்குத் தந்தாள். அப்பா காலை மடக்கிக்கொண்டார். கொசு கடிக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் நால்வரும் கடலைப் பார்த்தோம். பிறகு நான் உள்ளே போய்விட்டேன்.

காலையில் அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது. காட்டாமல்தான் மூட்டையைக் கட்டினார். மிதியில் கால் வைத்ததும் முகம் சுருங்கியது. அந்தச் சைக்கிளை நான் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவரும் விடவில்லை.

"இதுல ஒன்ன ஏத்தக் கூடாதுன்னுதாம்ல நான் இம்புட்டு நாளும் மிதிச்சேன்."

நான் கையை எடுக்கவில்லை. அக்கா வந்து, ரெண்டு பேரும் இப்படியே நின்னா வெயில் ஏறிரும், யாருக்குக் கால் வீங்கியிருக்கோ அவுக கேரியர் இல்லாத சைக்கிள எடுங்க என்றாள். கியரைக் குறைத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சுமை வண்டி ஓட்டுகிற மாதிரியே கனமாக ஓர் அழுத்து அழுத்தினார். சைக்கிள் பிய்த்துக்கொண்டு போனது.

அம்மா ஏறுவதற்கு முன், நான் மட்டும் ஏறிப் பத்தடி போவதற்குள் முன்சக்கரம் தூக்கி மூட்டையோடு சரிந்தேன். பிறகு தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா பின்னாலிருந்து மூட்டையைத் தாங்கிப் பிடித்தாள். அக்கா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். திருச்செந்தூர்வரை அப்படித்தான். நான் விழுந்த விதத்தை அக்கா நடித்துக் காட்டினாள். அம்மா, நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியாருக்குப் பயந்து கருவாட்டுக் கூடைக்குள் ஒளிந்ததைச் சொன்னாள். சிரித்ததில் சைக்கிள் இன்னொரு தடவை சாயப் பார்த்தது.

நிமிர்ந்தபோது தூரத்தில் ஒரு மரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் சுமை இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாததுபோலப் பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். நாங்கள் பக்கத்தில் போனதும், பழக்கத்தில், பேச்சு நின்றது. அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.

"ஏளா, என்ன பேசிக்கிட்டு வந்திய?"

முந்தின நாள் அத்தனை மரத்தடியில் நின்றும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. அம்மா கருவாட்டுக் கூடையிலிருந்து தொடங்கி முழுவதையும் அவருக்குத் திரும்பச் சொன்னாள்.

திருச்செந்தூரில் ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்துச் சைக்கிள்களை ஏற்றினோம். டிரைவர் பக்கத்து சீட்டை அப்பா எனக்காகத் துடைத்தார். அவர் காலுக்கு அதுதான் வசதி என்றேன், கேட்கவில்லை. மூவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஆறுமுகநேரிவரை முன்னால் உட்கார்ந்து வந்தேன். பின்கண்ணாடி வழியாக அவர்கள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பின்னால் போனேன்.

"என்னப்பா பேசிக்கிட்டு வாரீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீ முன்னால போயி ஒக்காரு, இங்கன தூசி."

போகாமல் ஏறிக் கூடார மூட்டைமேல் உட்கார்ந்தேன். முக்காணி தாண்டும்வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. பழையகாயல் பக்கம் உப்புக்காற்று அடிக்கத் தொடங்கியபோது அப்பா தொண்டையைச் செருமினார். அந்த டீக்கடைக்காரன் ஒரு காலத்தில் தன்னிடம் கருவாடு வாங்கிவிட்டு, அவன் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் பாய்லர் அடியில் ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.