ரெக்கார்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நடுங்கியவன்

ஊரை ஆட வைப்பதுதான் டிஜே வேலை என்பார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் கால் அதிகமாக ஆடும் என்பது, துபாயில் இந்தத் தொழில் செய்யும் உங்களுக்குத் தெரியும்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் விசா எடுத்து அழைத்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். என் வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பாட்டுக்குள் ஒரு ஆள்

முதல் கண்டம் லேப்டாப்பால் வந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா வந்து ஒரு குத்துப்பாட்டு கேட்டார். என்னிடம் இல்லை. இசைத்தட்டு ரெக்கார்டு போடுபவன் பெட்டியைத் திறந்து காட்டி "இல்லை" என்று சொல்லிவிடலாம். லேப்டாப் வைத்திருப்பவன் சொன்னால் யார் நம்புகிறார்கள்? நின்ற இடத்திலேயே இன்டர்நெட்டில் இறக்கி, கேட்டுப் பார்க்காமல் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள், மறைக்காதீர்கள்.

பாட்டு சூடு பிடிக்கும்போது நடுவில் ஒரு கரகரத்த குரல் வேறொரு டிஜேயின் பெயரை மூன்று முறை முழங்கியது. அவர் ரீமிக்ஸ் செய்த பாட்டாம். பெயரையும் உள்ளே செருகி வைத்திருக்கிறார். ஆடியவர்கள் நின்று சிரித்தார்கள். அந்த அக்கா நேராக என்னிடம் வந்தார். "அந்த டிஜே நல்லா பண்றாரே, அவர் நம்பர் இருந்தா குடுங்களேன்."

வேனுக்குள் அரை மணி

அந்த அக்கா அதே நம்பரை எங்கள் மேனேஜர் செல்வம் அண்ணனிடமும் கேட்டுவிட்டார். அண்ணன் என்னை அல் கூஸ் பகுதியில் இருக்கும் எங்கள் குடோனுக்கு வரச் சொல்லி, இன்னொரு புகார் வந்தால் விசா கேன்சல் என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். குரலை உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்து வந்தது காதர் காக்கா, அதாவது காதர் அண்ணனின் விழா. அத்தர் வியாபாரி, கடையின் ஆண்டு விழாவுக்குப் பழைய பாட்டுகளை அசல் ரெக்கார்டில்தான் போட வேண்டும், லேப்டாப் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கு நிம்மதி. ரெக்கார்டுக்குள் எவனும் வந்து பெயர் சொல்ல முடியாது.

போகும் வழியில் பிரியாணி சாப்பிட வேனை வெயிலில் நிறுத்தினேன். அரை மணி நேரம்தான். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் ரெக்கார்டெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. செல்வம் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவர் யோசனை சொன்னார்: "ரெக்கார்டு சும்மா சுத்தட்டும், பாட்டு மேசைக்கு அடியில லேப்டாப்ல இருந்து போகட்டும். மாட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது, நீதான் மாட்டுவே."

ஊசி

நெளிந்ததில் கொஞ்சம் நேரானதைச் சுற்ற விட்டேன். ஊசி அதன் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு அடியிலிருந்து வந்தது. யாராவது மேசைப் பக்கம் வந்தாலே மேசை விரிப்பைக் கீழே இழுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொரு பயம். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பாட்டு நிற்க வேண்டும். ஹெட்போன் மாட்டியவன் காதில் பாங்கு எங்கே விழப்போகிறது? அதனால் ஃபோனில் அலாரம் வைத்து, அதிரும்படி சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு ஸ்பீக்கரின் அதிர்வில் சட்டையே அதிர்ந்துகொண்டிருந்தது. ஃபோன் அதிர்ந்தது தெரியவே இல்லை.

நிமிர்ந்தபோது கூட்டம் அசையாமல் நின்றது. காதர் காக்கா வேகமாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். பாட்டை நிறுத்தத் தெரிந்தவர். நேராகக் கையை நீட்டி ஊசியைத் தூக்கிவிட்டார். பாட்டு நிற்கவில்லை. பிற்பகல் அசர் பாங்கோடு போட்டி போட்டுக்கொண்டு அது பாட்டுக்குப் பாடியது. என் கை மேசைக்கு அடியில் பட்டனைத் தேடியது, கிடைக்கவில்லை. கடைசியில் ஒயரையே பிடுங்கினேன். மகளின் புதுப் புத்தகப்பைதான் கண் முன்னால் வந்தது. காதர் காக்கா பாங்கு முடியும் வரை ஊசியைப் பிடித்தபடியே நின்றார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "ஊசி என் கையில இருக்கு தம்பி. அப்ப பாடினது யாரு?"

தொழுகை முடிந்து

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெயிலையும், பிரியாணியையும், அலாரத்தையும். செல்வம் அண்ணன் யோசனை சொன்னதை மட்டும் சொல்லவில்லை; பயம்தான், விசுவாசம் எல்லாம் இல்லை. காதர் காக்கா தொழப் போனார். அந்தக் கால் மணி நேரத்தில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

திரும்பி வந்தவர் கையில் ஃபோன். "உங்க மேனேஜர்ட்ட பேசிட்டேன்," என்றார். நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். "அடுத்த மாசம் என் தம்பி கடைத் திறப்புக்கும் உங்களத்தான் அனுப்பணும்னு சொல்லிட்டேன். புது ஆளு வந்தா எங்கன ஏமாத்துவான்னு தெரியாது. நீங்கன்னா மேசைக்கு அடியில பாத்தா போதும்."

ஆக, திருட்டு பிடிபட்டதாலேயே வேலை தப்பிய ஒரே டிஜே இந்த வளைகுடாவில் நானாகத்தான் இருப்பேன்.