அது மஞ்சள் இல்லை

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்காக மலாக்கா தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ அதை ஏறெடுத்துப் பார்க்கத் தெம்பில்லை. காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டி, என் வீட்டுக்காரரின் புண்ணைக் கழுவிக் கட்டி, அவரை ட்ரைஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அலைந்தே ஓய்ந்துபோயிருந்தேன்.

அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்து மாதங்கள் ஆகியும் புண் ஆறவில்லை. மூடும், மறுபடி சீழ் கட்டி உடையும். அடிவயிற்றில் கல்போல ஒரு கட்டி வேறு. குடலில் புற்று என்றே டாக்டர் நினைத்தார். "ஆசைப்பட்டதைச் சமைச்சுக் குடுங்கோ" என்று அவர் சொன்ன அன்றே எனக்கு விளங்கிவிட்டது. மனிதர் பிழைக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்து டாக்டர். நல்லவர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஆரம்பத்தில் ஒரு தடவை புண்ணில் மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டேன். நம் வீடுகளில் யார்தான் பூசவில்லை? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அதோடு விட்டுவிட்டேன். அவர் நம்பினால்தானே! சீழில் மஞ்சளாகக் குருணை தெரியும்போதெல்லாம் என்மேல் பாய்வார்.

அன்றும் கட்டைப் பிரித்ததும், "மஞ்சள் போடாதேங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லுறது?" என்றார்.

எனக்குப் பொறுமை செத்துவிட்டது. "ஐயோ, உப்புத்தண்ணியத் தவிர எதையும் நான் தொடல டாக்டர்! பிள்ளைங்க மேல சத்தியம். மஞ்சளா இல்லையான்னு நீங்களே எடுத்துப் பாருங்க!"

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஒரு குருணையை எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இது மஞ்சளும் இல்லை, புற்றும் இல்லை, தங்கச்சி. குடலிலை ஒரு கிருமி; அதுதான் இப்பிடி மஞ்சளாத் திரளுது. நானே இப்பதான் முதல் தரம் பாக்கிறன். பெனிசிலின் ஊசிக்குக் கேக்கும். கனகாலம் போடவேணும்."

எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்கூட வரவில்லை. அன்றே என் வீட்டுக்காரரை வார்டில் சேர்த்து முதல் ஊசி போட்டார்கள். அவர் கால்மாட்டில் தலையைச் சாய்த்தது மட்டும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு மிஸி சொன்னது.

மாலையில் சோறு கொண்டுவந்த நாத்தனார், நான் கட்டிலில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். அண்ணன் போய்விட்டார் என்று நினைத்து, "என் ராசா, எங்கள விட்டுட்டுப் போயிட்டியா அண்ணே!" என்று மாரில் அடித்துக்கொண்டாளாம். நான் அதற்கும் அசையவில்லை.

அவர்தான் தலையைத் தூக்கி அதட்டியிருக்கிறார்:

"கத்தாத. நான் எங்கயும் போகல. அவ தூங்கட்டும்."