பசை காயும் முன்னே ஒரு மரியாதை

இன்று சிம்மக்கல்லில் காருக்குப் புதிய பின்கண்ணாடி மாட்டினேன். பழையது தேங்காய் விழுந்து உடைந்துபோனது.

"பசை காயணும் சார். நாளைக்கு வரைக்கும் கதவ ஓங்கிச் சாத்திராதீங்க, அதிர்வுல கண்ணாடி நகண்டுரும்" என்றார் கடைக்காரர்.

கதவுக்கு வலிக்குமோ என்பதுபோல் மெல்லச் சாத்திவிட்டு, தல்லாகுளம் வரை மெதுவாக ஓட்டி வந்தேன்.

அங்கே மருந்து வாங்கிவிட்டுக் காரில் ஏறும்போது, கடை வாசலில் என்னிடம் படித்த ஒருவர் பார்த்துவிட்டார். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க சார், நான் சாத்துறேன்."

'மெதுவாக' என்று சொல்ல வாயெடுத்தேன். மரியாதை செய்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

டமால்.

"சரியா விழுகல சார்" என்று திறந்து, மறுபடியும் டமால்.

"சந்தோஷம்யா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து காரின் பின்னால் போய்ப் போய்ப் பார்க்கிறேன். ஓரம் லேசாக விலகியதுபோலவும் தெரிகிறது, விலகாததுபோலவும் தெரிகிறது.

பழைய மாணவர்கள் கவனத்துக்கு: நாளை மாலை வரை என்னைக் காரோடு பார்த்தால் தூரத்தில் நின்றே வணக்கம் வையுங்கள். மரியாதையை நாளை மறுநாள் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.