பூட்டிய பெட்டியில் பன்னிரண்டு முகமூடிகள்

கருப்பையாவின் நெஞ்சை அரித்துக்கொண்டிருப்பது அவன் குடித்த பீடி அல்ல. நான்!

பன்னிரண்டு முகமூடிகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் நான். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் நேருக்கு நேர் கேட்டபோது, கூசாமல் பொய் சொன்னவனும் நானே. இதுவரை எவரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது...

என்னைப் பற்றி விசாரித்தால் நல்லவிதமாகத்தான் கேள்விப்படுவீர்கள். அரியக்குடியில் சார்ஜென்ட் சோமசுந்தரம் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். விமானப்படையில் இருபது ஆண்டுகள் இருந்தவன். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முன்னாள் படைவீரர் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் கூடவே ஓடுகிற மனிதர் என்று எனக்குப் பெயர். எழுபத்து நான்கு வயதில், மாதக் கார்த்திகைக்குக் குன்றக்குடி மலைப்படிகளை எங்கும் நிற்காமல் ஏறுகிறேன். மூச்சே வாங்கவில்லையே என்று பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். வாங்காது. ஏன் வாங்காது என்பது எனக்கல்லவா தெரியும்!

எண்பதுகளின் தொடக்கம். வடக்கே ஒரு விமானத் தளம். சக்கரங்களையும் பிரேக்குகளையும் பழுது பார்க்கும் கொட்டகைக்கு நான் பொறுப்பாளன். என் கீழே ஐந்து பேர். போர் விமானம் தரையிறங்கி ஓடி நிற்கும்போது பிரேக்கின் உள்பட்டை தேய்ந்து மாவாகிவிடும். அந்தப் பட்டையில் கல்நார் கலந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் கூரை போடுகிறோமே, அதே சரக்கு.

கழற்றிய பிரேக்கைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது வழக்கம். ஊதினால் சாம்பல் நிறத் தூசி கொட்டகை முழுக்க எழும்பும். புருவத்தில், காது மடலில், சாப்பாட்டுத் தூக்கின் மூடியில்... எங்கும் படியும். அதைத் தட்டிவிட்டுச் சாப்பிடுவோம்.

அந்த ஐவரில் ஒருவன்தான் கருப்பையா. ஒக்கூர்க்காரன். இருபது வயதில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்றான். “உங்களுக்கும் நம்ம பக்கந்தானாமே அண்ணே!” என்று அவன் கேட்டதும், மொழி தெரியாத ஊரில் எனக்கு ஒரு தம்பி கிடைத்தான். ஊதுகிற வேலையில் அவனுக்கு நிகர் கிடையாது. குழாயை அவன் கையில் கொடுத்தால் பிரேக் கண்ணாடியாகிவிடும். அதனால் ஊதுகிற வேலையை அவனுக்கே கொடுத்தேன். தினமும், வருடக்கணக்காக.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடவே ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு ரப்பர் முகமூடிகள்.

படையில் இருந்தவர்களுக்கு அடுத்து நடந்தது உடனே விளங்கிவிடும். உங்களுக்கு விளக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள். அன்று வெள்ளை விரிப்பை விரித்து, எங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வரிசையாகப் பரப்பி வைக்க வேண்டும். எண்ணிக்கை பிசகக் கூடாது. கிழிசல், கீறல் எது இருந்தாலும் பொறுப்பாளன் விளக்கம் எழுத வேண்டும். ஆகவே புதிய பொருள் எதையும் நாங்கள் உபயோகிக்க மாட்டோம். புது ஸ்பேனர் சோதனைக்கு, பழைய ஸ்பேனர் வேலைக்கு! சிரிப்பு வருகிறதா? நாங்கள் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தோம். கல்யாணத்துக்கு மட்டும் அறையைத் திறந்து நல்ல பாத்திரங்களை வெளியே எடுக்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு அது விநோதமாகவே படவில்லை.

முகமூடிகளுக்கும் அதே கதிதான். ரப்பர் வெடித்துவிடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே பவுடர் பூசினேன். குழந்தைக்குப் பூசுவதுபோல்... அவ்வளவு பக்குவமாக! பிறகு பெட்டியைப் பூட்டினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முடியாது. சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு, காற்றால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், முகமூடி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. நான் படித்தேன். எனக்குப் புரிந்தது. ஐந்து பேரிடமும் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒருவனுக்கும் படித்துக் காட்டவில்லை. ஈரத்துணி என்றால் ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஊதினால் பத்து நிமிடம். விமானம் காத்திருக்குமா?

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறுநாளே என் மேசையையும் நாற்காலியையும் வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். உள்ளே வெக்கையாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். அந்த மேசையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தவன் கருப்பையா.

ஒருநாள் அவனே வந்து கேட்டான்.

“அண்ணே, தொண்டையெல்லாம் அரிக்குதுண்ணே. அந்தப் பெட்டியில இருக்கதுல ஒண்ணு குடுங்க. சாயங்காலம் தொடச்சுத் தந்துர்றேன்.”

“இன்ஸ்பெக்‌ஷன் வருதுடா. ரப்பர்ல கீறல் விழுந்தா எவன் பதில் சொல்றது? போ, போய்த் தண்ணியக் குடி.”

அவன் போனான். தண்ணீர் குடித்தான். மறுபடி ஊதத் தொடங்கினான்.

அந்த ஆண்டு சோதனையில் என் கொட்டகைக்குத்தான் முதலிடம். பன்னிரண்டு முகமூடிகளும் வெள்ளை விரிப்பில் பளபளத்ததை அதிகாரி குனிந்து பார்த்துத் தலையசைத்தார். எனக்குக் கொடுத்த பாராட்டிதழ் கண்ணாடி போட்டு இன்றும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கழற்றினால் மனைவி ஏன் என்று கேட்பாள். அதனால் கழற்றவில்லை.

ஓய்வு பெற்று வந்த கருப்பையா ஒக்கூரில் மிளகாய் போட்டான், மகளைக் கட்டிக் கொடுத்தான், நன்றாகத்தான் இருந்தான். விமான இரைச்சலில் காது மட்டும் முக்கால்வாசி போய்விட்டது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாலும் மாட்டமாட்டான். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். சென்ற ஆண்டு வயலில் நடக்கும்போது மூச்சு இளைக்கிறது என்றான். அவன் மனைவி செல்வி எனக்குத்தான் ஃபோன் செய்தாள். காரைக்குடியில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவனுக்குக் காது கேட்காததால் மருத்துவர் என்னிடம் கேட்டார்.

“ஏர்ஃபோர்ஸ்ல என்ன வேலை பார்த்தாரு? தூசி, கல்நாரு, அந்த மாதிரி எதுலயாச்சும்...?”

எவ்வளவு சரியான கேள்வி! ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு விடுவார்களா? முகமூடி போட்டாரா, ஏன் போடவில்லை, யார் பொறுப்பு... எல்லாம் வரிசையாக வருமே!

“அதெல்லாம் இல்லைங்க டாக்டர். அங்க எல்லாம் சுத்தமா இருக்கும். பீடி குடிப்பான், அதான்.”

கருப்பையா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் தனக்காகப் பேசுகிறார் என்ற நம்பிக்கை.

காசநோயாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். ஏழு மாதம்! ஏழு மாதம் செல்வி வேளை தவறாமல் அந்த மாத்திரைகளைக் கொடுத்தாள். அவன் தேய்ந்துகொண்டே போனான். நான் வாரம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு போய், சரியாகிவிடும் என்று கத்திவிட்டு வந்தேன். நான் மனிதன்தானா? நீங்களே சொல்லுங்கள்!

பிறகுதான் மதுரை. அங்கே ஊசி போட்டு நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். சதையை வெட்டிச் சோதித்தார்கள். செல்வி கீழே மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அங்கிருந்த பெண் மருத்துவர் என்னிடம் முடிவைச் சொன்னார்.

“இது பீடியால வர்றது இல்லைங்க. நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வுல வந்திருக்கிற புற்று. கல்நார் தூசி உள்ள போயிருக்கணும். முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுக்கூட வரும். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா...”

அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

“அவர் என்ன வேலை பார்த்தார்னு உங்களுக்குத் தெரியுமா? அதை எழுதினாத்தான் சர்வீஸ்ல வந்த நோய்னு ஒத்துக்குவாங்க.”

“விசாரிச்சுச் சொல்றேங்க டாக்டர்” என்றேன். யாரிடம் விசாரிக்கப் போகிறேன்? என்னிடமா?

செல்வி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“என்னண்ணே சொன்னாக?”

“புற்றுதானாம் தாயி.”

“பீடியாலதானேண்ணே?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பீடிதான் எமன். ‘அந்த எழவெடுத்த பீடிய விடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்’ என்று செல்வி அவன் காதருகே போய்க் கத்துகிறாள். ஊருக்கே கேட்கும். மகள் வந்தால் அவளும் அழுதுகொண்டே அதைத்தான் சொல்கிறாள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். சாகப் போகிறவன், தன் சாவுக்குத் தானே காரணம் என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

மற்ற நால்வர் எங்கே, எப்படி இருக்கிறார்கள்? ஒருவனுடைய எண் என் ஃபோனில் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். அவனுக்கும் மூச்சு இளைக்கிறதோ என்னவோ. நான் கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, இனி தாங்காது என்று ஆகிவிட்டது. ஆனால் அவனிடம் சொல்வதென்றால் கத்த வேண்டுமே! என் குற்றத்தை நான் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். கோழைக்கு அது முடியுமா? எழுதினேன். ஒரே பக்கம். முகமூடி, சுற்றறிக்கை, மேசை, மருத்துவரிடம் சொன்ன பொய்... எல்லாவற்றையும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒக்கூருக்குப் போனேன்.

அவனால் படுக்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இரவு பகலைக் கழிக்கிறான். என்னைக் கண்டதும் செல்வியைக் காபி போடச் சொல்லி உள்ளே அனுப்பினான். அவள் போகும்வரை காத்திருந்தான். பிறகு என் கையைப் பிடித்தான். இவனுக்குத் தெரிந்துவிட்டது, யாரோ சொல்லிவிட்டார்கள்... அந்தக் கணத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது!

“அண்ணே...” நிறுத்தி மூச்சு வாங்கினான். “பீடிய விடுறான்னு நீங்களும் சொன்னீக. நான் கேக்கல. இந்த வயசுல ஒங்கள ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலைய விட்டுட்டேன். ஒரு பய கூட வரல, நீங்கதான் வாரீக. போறதுக்கு முந்தி கேட்ருணும்ண்டு இருந்தேன்... என்னைய மன்னிச்சிருங்கண்ணே.”

என் வலக்கை அவன் பிடியில் இருந்தது. இடக்கை சட்டைப்பைக்குப் போயிற்று. காகிதம் விரலில் பட்டது. எடுத்து நீட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி!

“விடுப்பா!” என்று அவன் காதில் கத்தினேன். “நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல!”

ஆம். நான் அவனை மன்னித்தேன்.

அவன் கண்களில் நீர் வழிந்தது. குழந்தைபோல் முகம் இளகிற்று. தலையணையில் கன்னத்தைச் சாய்த்தவன் அப்படியே தூங்கிப்போனான். காபியோடு வந்த செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எத்தனை நாளைக்கப்புறம் தூங்குறாக பாருங்கண்ணே! என்ன சொன்னீக?”

“சும்மா பேசிக்கிட்டிருந்தோம்” என்றேன். காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. அந்தக் காகிதத்தை அதன்பிறகு நான் பிரித்துப் பார்க்கவில்லை.

சொல்லியாயிற்று. பாரம் குறைந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. உங்களிடம் சொல்லி என்ன பயன்? நீங்கள் ஒக்கூருக்குப் போய்ச் செல்வியிடம் சொல்லப் போவதில்லை. அது தெரிந்துதானே உங்களிடம் சொன்னேன்!

அவனுக்கு மறுபடி நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. நாளைக் காலை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மருத்துவர் இந்த முறை விடமாட்டார், என்ன வேலை பார்த்தார் என்று கேட்பார். கருப்பையாவுக்குக் கேட்காது. என் முகத்தைத்தான் பார்ப்பான், சிரித்துக்கொண்டு.