பிலோமினாவின் பத்தியம்

கோட்டைக்குப்பத்துப் பிலோமினாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. காலை ஏலத்தில் மடவை மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, திருப்பாலைவனத்தில் தெருத்தெருவாக விற்பவள். பஸ் படியில் கால் வைக்கும்போதே கண்ணில் நீர் முட்டிவிடும். எடையைக் குறைக்காமல் எந்த மாத்திரையும் கேட்காது என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் ஜெஸ்ஸிக்குச் சென்னையில் ஓர் உணவு ஆலோசகரிடம் வேலை. அவள்தான் மேக்ரோபயாடிக் முறையைச் சொன்னாள். தீட்டாத அரிசி, பார்லி, பயறு, வேகவைத்த காய். சர்க்கரையும் பாலும் கூடாது. கொஞ்ச நாளைக்கு மீனும் வேண்டாம். எதையும் வாயிலேயே கூழாகும்வரை மெல்ல வேண்டும்.

“மென்னுக்கினு குந்தினு இருந்தா பஸ்ஸு போயிடும்டி,” என்றாள் பிலோமினா.

ஆனாலும் செய்தாள். ஏரிக்கு மீன்பிடிக்கப் போய் வரும் கணவன் பிராங்க்ளினுக்கு மீன் குழம்பு. தனக்குத் தனியாகப் பரங்கிக்காய். உப்பு பார்க்கக்கூடக் குழம்பை நாக்கில் வைக்கவில்லை. அந்த அரிசி வேக நேரமாகும் என்று இன்னும் முன்னதாக எழுந்தாள். பசியைவிட அந்த இரண்டாவது சமையல்தான் அவளை ஓய்த்துப்போட்டது.

உடம்பு இறங்கியது. ரவிக்கை தொளதொளத்தது. பஸ் ஏறுவது சற்று லேசானது.

ஒரு மதியம், நெடுநாளாக மீன் வாங்கும் எல்லம்மாவின் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது? மீன் இல்லியா?”

“நான் இப்ப மீன் துண்றதில்லக்கா.”

எல்லம்மா வாங்குவதற்காகக் கையில் எடுத்திருந்த மடவையைக் கூடையிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் தெருவில் பல கதவுகள் திறக்கவில்லை. மீன்காரியே மீன் தின்பதில்லையாம், ஆளும் இளைத்துவிட்டாள், மீனில் என்ன மருந்து போடுகிறார்களோ என்று பேச்சு. விற்காததை வீட்டுக்குக் கொண்டுவந்து கருவாட்டுக்கு உப்புப் போட்டாள். வாசல் வாசலாக நின்று விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. மேக்ரோபயாடிக் என்ற பேரே வாயில் நிற்கவில்லை.

கடைசியில் எல்லம்மா வீட்டுக்கே போனாள்.

“ஒரு மடவ ஆஞ்சு தரேன்க்கா. காசு வேணாம். கொழம்பு வெச்சி எனக்கும் ஒரு துண்டு குடு.”

தெருவே பார்க்க வாசல்படியில் உட்கார்ந்து தின்றாள். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் அன்றைய வேலைகளில் ஒன்றாகவே பட்டது.

“அப்ப எதுக்குடி மீன வுட்ட?” என்றாள் எல்லம்மா.

“முட்டி வலிக்குதுக்கா. எடை கொறையணுமாம்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ எங்க கேட்ட?”

இப்போது வீட்டில் பத்தியம். திருப்பாலைவனத்தில் யாராவது கொடுத்தால் ஒரு துண்டு மீன். எடை அதற்குமேல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. முட்டி சில நாள் சும்மா இருக்கிறது, சில நாள் விடுவதில்லை. வியாபாரம் மட்டும் பழையபடி ஆகிவிட்டது.